வண்டி தானாக நிற்குமா? ஏபிஎஸ் முதல் அடாஸ் வரை ஓர் எளிய விளக்கம்

பெருந்துறையில் ஒரு விருந்து. சாப்பிட்டு எழுந்து, திண்ணையில் வெற்றிலை மடிக்கும் நேரத்தில் எங்கள் மாமா புதுக் கார் வாங்கும் பேச்சை எடுத்தார். ஒரு ஷோரூமில் அவரிடம் சொன்னார்களாம்: "இதுல அடாஸ் இருக்குதுங்க. நீங்க பிரேக்கே தொட வேண்டாம், வண்டி தானா நின்னுக்கும்." மாமாவின் பங்காளி ஒருவர், "அதெல்லாம் நம்ம ரோட்டுக்கு ஒத்து வராதுங்க, காசுக்குப் புடிச்ச கேடு" என்றார். இன்னொருவர், "ஏபிஎஸ் இருந்தாப் போதும், போட்ட எடத்துல நிக்கும்" என்று முடித்துவிட்டார்.

மூன்று பேச்சும் தவறு. (ஏபிஎஸ் என்பது பிரேக் பிடிக்கும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுப்பது; அடாஸ் என்பது ஓட்டுபவருக்கு உதவும் மின்னணு வசதிகளின் கூட்டுப் பெயர்.) கார் ஓட்டுகிறவர்கள், லாரி வைத்திருக்கிறவர்கள் என்று எல்லோரும் இருக்கும் திண்ணையிலேயே இப்படித்தான் பேச்சு நடக்கிறது என்றால், இதை நிதானமாக எழுதி வைப்பது நல்லது என்று தோன்றியது. 2022-ல் மட்டும் இந்தியச் சாலைகளில் 1,68,491 பேர் இறந்தார்கள். விபத்துகளின் எண்ணிக்கையில் அந்த ஆண்டு முதலிடம் தமிழ்நாட்டுக்கு: 64,105 விபத்துகள், 17,884 உயிர்கள். சங்ககிரி, பவானி, அவிநாசி வழியாகப் போகும் சேலம்–கொச்சி நெடுஞ்சாலையில் தினமும் போய் வருகிற நமக்கு இது தூரத்துச் செய்தி இல்லை.

கிணற்றுச் சுவரும் கிணற்றுக் கயிறும்

தோட்டத்தில் கிணறு இருக்கிறது. யாரும் விழாமல் இருக்கச் சுற்றுச்சுவர் கட்டுகிறோம். மீறி விழுந்துவிட்டால் பிடித்து ஏற ஒரு கயிறு தொங்கவிடுகிறோம். இரண்டும் வேண்டும். ஆனால் இரண்டும் ஒரே வேலையைச் செய்வதில்லை.

வண்டியிலும் அப்படித்தான். சீட் பெல்ட்டும் ஏர்பேக்கும் கயிறு. மோதிய பிறகு உயிரைப் பிடித்து வைப்பது அவற்றின் வேலை. ஏபிஎஸ், இஎஸ்சி (சறுக்கும் வண்டியை வழிக்குக் கொண்டுவருவது), தானியங்கி பிரேக் இவையெல்லாம் சுவர். மோதலே நடக்காமல் பார்ப்பது, நடந்தாலும் வேகத்தைக் குறைத்து வைப்பது இவற்றின் வேலை. இவற்றைத்தான் அறிவார்ந்த பாதுகாப்பு அமைப்புகள் என்கிறோம்: வண்டியில் உள்ள உணரிகள் நிலைமையை அளக்க, ஒரு சிறிய கணினி கணக்குப் போட்டு, பிரேக்கையோ என்ஜினையோ ஸ்டீயரிங்கையோ திருத்துகிற ஏற்பாடு.

சுவரிலும் இரண்டு வகை உண்டு. நீங்கள் ஏதாவது செய்யும்போது அதைச் சரியாகச் செய்ய உதவுவது ஒன்று. நீங்கள் எதுவுமே செய்யாதபோது உங்களுக்காகச் செய்வது இன்னொன்று. இந்த ஒரு வித்தியாசம் புரிந்துவிட்டால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

ஏபிஎஸ்: பழைய டிரைவர்களின் கால் வித்தை

பழைய லாரி டிரைவர்களிடம் கேளுங்கள். மழையில் பிரேக்கை ஒரேயடியாக மிதிக்க மாட்டார்கள். விட்டு விட்டு அடிப்பார்கள். ஏன்?

ஈரமான களத்தில் நடக்கிறீர்கள். கால் பதிந்து நடக்கும்வரை இடமோ வலமோ திரும்பலாம். ஒருமுறை வழுக்கத் தொடங்கிவிட்டால், உடம்பு எந்தப் பக்கம் போய்க்கொண்டிருந்ததோ அந்தப் பக்கமே போகும். டயரும் இதே மாதிரிதான். உருண்டுகொண்டிருக்கும் டயருக்குத் தரையில் பிடி இருக்கும், ஸ்டீயரிங் சொன்னதைக் கேட்கும். பிரேக்கை அழுத்திச் சக்கரம் சுழலாமல் பூட்டிக்கொண்டால் டயர் வழுக்கும் செருப்பாகிவிடும். ஸ்டீயரிங்கை எவ்வளவு ஒடித்தாலும் வண்டி நேராகத்தான் போகும்.

ஏபிஎஸ் என்பது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் பிரேக் ஏற்பாடு. ஒவ்வொரு சக்கரத்தின் சுழற்சியையும் ஓர் உணரி அளந்துகொண்டே இருக்கும். ஒரு சக்கரம் திடீரென நிற்கப் போகிறது என்று தெரிந்தால், அந்தச் சக்கரத்துக்கான பிரேக் அழுத்தத்தை நொடிக்குப் பல முறை விட்டு விட்டுப் பிடிக்கும். டிரைவர் காலால் செய்த வித்தையை, ஒவ்வொரு சக்கரத்துக்கும் தனித்தனியாக, எந்தக் காலாலும் முடியாத வேகத்தில் செய்கிறது. பெடலில் கடகடவென்று ஓர் அதிர்வு வருவது அதனால்தான். அதை ரிப்பேர் என்று நினைத்துக் காலை எடுத்துவிடுகிறவர்கள் நிறைய. எடுக்கவே கூடாது. ஏபிஎஸ் உள்ள வண்டியில் அழுத்திப் பிடித்துக்கொண்டு, திருப்ப வேண்டிய பக்கம் திருப்புங்கள். விட்டு விட்டு அடிக்கிற பழைய பழக்கம் இங்கே ஆகாது.

இன்றைய மின்னணு ஏபிஎஸ்ஸை பாஷ் நிறுவனம் 1978-ல் மெர்சிடிஸ் எஸ்-கிளாஸ் காரில் கொண்டு வந்தது. (அதே பாஷின் பெரிய மென்பொருள் மையம் ஒன்று இன்று நம் கோயம்புத்தூரில் இருக்கிறது.) இந்தியாவில் 125 சிசிக்கு மேற்பட்ட புது இருசக்கர மாடல்களுக்கு 2018 ஏப்ரலிலும், ஏற்கெனவே விற்பனையில் இருந்த மாடல்களுக்கு 2019 ஏப்ரலிலும் கட்டாயமானது. 125 சிசி வரையுள்ள வண்டிகளுக்கு, ஒரு பிரேக்கைப் பிடித்தால் இரண்டு சக்கரத்திலும் விழும் கூட்டு பிரேக் போதும் என்று விதி வைத்தார்கள். 2022-ல் இறந்தவர்களில் 44.5 சதவீதம் பேர் இருசக்கர வாகனத்தில் போனவர்கள். காரில் முன்சக்கரம் பூட்டினால் வண்டி வழுக்கும். பைக்கில் பூட்டினால் ஆள் விழுவார். அதனால் என்னைக் கேட்டால், நம் ஊரில் ஏபிஎஸ்ஸின் பெரிய பயன் காரில் இல்லை, பைக்கில்தான்.

'போட்ட இடத்தில் நிற்கும்' என்பது மட்டும் உண்மையில்லை. காய்ந்த தார் ரோட்டில் நிற்கும் தூரம் பெரிதாகக் குறையாது. ஜல்லி, மண் கொட்டிய சாலையில் கொஞ்சம் கூடவும் செய்யும். பூட்டிய சக்கரம் முன்னால் மண்ணைக் குவித்துக்கொண்டு நிற்கும், உருளும் சக்கரம் அதன்மேல் ஏறிப் போகும். ஏபிஎஸ் தருவது திருப்பும் சக்தி.

சுருக்கமாக: பிரேக்கை நீங்கள்தான் மிதிக்க வேண்டும். மிதித்த பிறகும் ஸ்டீயரிங் உங்கள் கையில் இருக்கும்படி பார்ப்பது ஏபிஎஸ்.

இஎஸ்சி: மாட்டுக் கயிறு

விளம்பரத்தில் இதைப் பற்றி ஒரு வரிகூட வராது. ஆனால் இந்தக் கட்டுரையில் ஒன்றை மட்டும் நினைவில் வைக்கச் சொன்னால் இதைத்தான் சொல்வேன்.

இரட்டை மாட்டு வண்டி ஓட்டியவர்களுக்கு எளிதில் புரியும். இடது மாட்டின் கயிற்றை இழுத்துப் பிடித்தால் அது பின்தங்கும், வலது மாடு முன்னேறும், வண்டி இடது பக்கம் திரும்பும். ஒரு பக்கத்தைத் தாமதப்படுத்தினாலே வண்டி அந்தப் பக்கம் சாயும்.

இஎஸ்சி, அதாவது மின்னணு நிலைப்புக் கட்டுப்பாடு, இதையே நான்கு சக்கரத்திலும் செய்கிறது. அதற்கு இரண்டு விஷயம் தெரிய வேண்டும். ஸ்டீயரிங்கில் உள்ள உணரி 'ஓட்டுபவர் எங்கே போக விரும்புகிறார்' என்று சொல்லும். வண்டியின் நடுவில் உள்ள உணரி 'வண்டி உண்மையில் எப்படித் திரும்புகிறது' என்று சொல்லும். இரண்டும் ஒத்துப்போகும்வரை அது வாய் திறக்காது. நீங்கள் வலது பக்கம் ஒடித்தும் வண்டி நேராகச் சறுக்கினால், உள்பக்கப் பின்சக்கரத்தை மட்டும் பிடித்து மூக்கை உள்ளே இழுக்கும். வால் வெளியே வீசினால், வெளிப்பக்க முன்சக்கரத்தைப் பிடித்து நிமிர்த்தும். என்ஜின் வேகத்தையும் குறைக்கும். உங்கள் காலில் நான்கு பிரேக் பெடல்கள் கிடையாது. அதனால் எவ்வளவு தேர்ந்த டிரைவராலும் இதைக் கையாலும் காலாலும் செய்ய முடியாது.

வால்பாறைக்கு 40 கொண்டை ஊசி வளைவுகள், கொல்லிமலைக்கு 70, திம்பத்துக்கு 27. மழை விழுந்து, மேலே இலையும் கிடக்கிற ஒரு வளைவில் கொஞ்சம் கூடுதல் வேகத்தில் நுழைந்துவிட்டவர்களுக்கு இதன் அருமை தெரியும். சமவெளியிலும் தேவைதான். பொள்ளாச்சி ரோட்டில் திடீரென ஓர் ஆடு குறுக்கே வருகிறது, ஒடிக்கிறீர்கள், உடனே திரும்ப நேர்ப்படுத்துகிறீர்கள். உயரமான வண்டி கவிழ்வது பெரும்பாலும் அந்த இரண்டாவது ஒடிப்பில்தான். ஸ்வீடனில் இதற்கென்றே ஒரு சோதனை உண்டு, அவர்கள் ஊரில் குறுக்கே வருவது பெரிய மான். 1997-ல் அந்தச் சோதனையில் மெர்சிடிஸ் ஏ-கிளாஸ் கார் கவிழ்ந்தது. அந்த நிறுவனம் உடனே எல்லா ஏ-கிளாஸ் காருக்கும் இஎஸ்சியைக் கட்டாயமாக வைத்தது. இந்த ஏற்பாடு பரவலாவதற்கு அது பெரிய காரணம்.

பலன் எவ்வளவு? அமெரிக்காவில் காப்பீட்டு நிறுவனங்களின் பணத்தில் நடக்கும் சாலைப் பாதுகாப்பு ஆய்வு அமைப்பான ஐஐஹெச்எஸ்ஸின் ஆய்வில், வேறு வண்டி சம்பந்தப்படாமல் தானே போய் மோதுகிற, கவிழ்கிற மரண விபத்துகளின் வாய்ப்பு ஏறக்குறைய பாதியாகக் குறைந்தது. சீட் பெல்ட்டுக்குப் பிறகு இவ்வளவு உயிர் காத்த ஏற்பாடுகள் மிகக் குறைவு. அமெரிக்கா 2012 மாடல் கார்களிலிருந்து கட்டாயமாக்கியது. ஐரோப்பாவில் 2014 முடிவதற்குள் எல்லாப் புது கார்களுக்கும் கட்டாயம். ஏபிஎஸ் ஏற்கெனவே உள்ள வண்டியில் இதற்குக் கூடுதலாகத் தேவைப்படுவது சில உணரிகளும் மென்பொருளும்தான். அதனால் பெரிய செலவும் இல்லை.

சுருக்கமாக: நீங்கள் திருப்பிய பக்கம் வண்டி போகாதபோது, ஒரு சக்கரத்தை மட்டும் பிடித்து வழிக்குக் கொண்டுவருவது இஎஸ்சி.

ஒரு சின்னக் கணக்கு

தானியங்கி பிரேக்குக்குப் போகும் முன் ஒரு கணக்கு. மணிக்கு 80 கிலோமீட்டர் என்றால் நொடிக்கு 22 மீட்டர். முன்னால் லாரி பிரேக் போட்டதை நீங்கள் பார்த்து, புரிந்து, காலைத் தூக்கி மிதிக்க ஒன்றரை நொடி ஆகும். அதற்குள் 33 மீட்டர் போய்விட்டீர்கள். பிறகு காய்ந்த ரோட்டில் நிற்க இன்னொரு 35 மீட்டர். மொத்தம் 68 மீட்டர். நடுவில் இரண்டு நொடி செல்போனைப் பார்த்திருந்தால் இன்னும் 44 மீட்டர் கூடும்.

அடுத்து, மோதலின் பலம் வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. 80-ல் மோதும் வண்டியை 40-க்குக் குறைத்துவிட்டால் ஆற்றல் கால் பங்காகிவிடும். முழுதாக நிற்காவிட்டாலும், கடைசி ஒரு நொடியில் குறைத்த வேகம் மருத்துவமனைக்கும் மயானத்துக்கும் உள்ள தூரமாக இருக்கலாம்.

தானியங்கி அவசர பிரேக்: கிணற்றில் போட்ட கல்

கிணற்றில் கல்லைப் போட்டு, சத்தம் வரும்வரை எண்ணி ஆழம் சொல்வார்கள் பெரியவர்கள். ரேடார் அதே வேலையைத்தான் செய்கிறது. காரின் முன்பக்கத்திலிருந்து ரேடியோ அலையை அனுப்பி, முன்னால் உள்ள வண்டியில் பட்டுத் திரும்பும் நேரத்தை வைத்துத் தூரத்தைக் கணிக்கும். அப்புறம், நம்மைக் கடந்து போகிற பஸ்ஸின் ஹாரன் சுருதி மாறுவதைக் கேட்டிருப்பீர்கள். எதிரொலியிலும் அப்படி ஒரு மாற்றம் இருக்கும். அதை வைத்து முன்னால் உள்ள வண்டி நெருங்குகிறதா, விலகுகிறதா, எவ்வளவு வேகத்தில் என்று தெரிந்துகொள்ளும்.

ரேடாருக்கு எதிரில் இருப்பது என்ன என்று தெரியாது. அதைச் சொல்வது கண்ணாடிக்குப் பின்னால் உள்ள கேமரா: இது கார், இது பைக், இது நடக்கிற மனிதர். இரண்டு தகவலையும் சேர்த்து, 'இதே போக்கில் போனால் எத்தனை நொடியில் மோதும்' என்று கணினி கணக்குப் போடும். தூரம் 40 மீட்டர், நெருங்கும் வேகம் நொடிக்கு 10 மீட்டர் என்றால் நான்கு நொடி. இந்த எண் சுருங்கச் சுருங்க, முதலில் ஒலி எழுப்பும். நீங்கள் கவனிக்காவிட்டால் பிரேக்கைப் பிடிக்கும். கடைசியில் முழுப் பலத்தோடு பிடிக்கும். இதுதான் ஏஇபி, தானியங்கி அவசர பிரேக்.

அடாஸ் என்பது இது போன்ற உதவிகளின் கூட்டுப் பெயர். முன்வண்டியுடன் இடைவெளி விட்டு ஓடும் குரூஸ் கட்டுப்பாடு, கோடு தாண்டினால் எச்சரிப்பது, பக்கவாட்டு மறைவிடத்தைக் காட்டுவது, ஓட்டுபவரின் தூக்கத்தைக் கண்டுபிடிப்பது எல்லாம் அதில் அடங்கும். 'லெவல் 2' என்று சொல்வது, வேகத்தையும் ஸ்டீயரிங்கையும் ஒரே நேரத்தில் வண்டி பார்த்துக்கொள்ளும் நிலை. பூஜ்யத்திலிருந்து ஐந்து வரை உள்ள அந்தப் படிகளில், லெவல் 2-லும் சாலையைக் கவனிக்கும் முழுப் பொறுப்பு ஓட்டுபவருடையது. ஷோரூமில் மாமாவிடம் சொல்லாமல் விட்டது இந்த ஒரு வரிதான்.

ஏஇபியின் பலனும் அளந்து பார்க்கப்பட்டது. முன்வண்டியின் பின்னால் போய் மோதும் விபத்துகள் சுமார் பாதி குறைந்ததாக ஐஐஹெச்எஸ் கண்டது. பங்காளி சொன்ன 'காசுக்குப் பிடித்த கேடு' என்பதும் அதனால் சரியில்லை.

எங்கே தடுமாறும்

இந்தப் பகுதியை வண்டி வாங்குகிறவர்கள் இரண்டு முறை படிக்க வேண்டும்.

ராத்திரி. பவானி பக்கம் ஒரு டிராக்டர், டிரெய்லர் நிறையக் கரும்பு. பின்விளக்கு இல்லை, கரும்புச் சோகை பின்னால் நீட்டிக்கொண்டிருக்கிறது. ரோட்டோரம் நிற்கிறது. நம் கண்ணுக்கே கடைசியில்தான் தெரியும். ஏஇபிக்கு?

ரேடார் எதிரொலி பாலத்திலிருந்தும் வரும், பெயர்ப்பலகையிலிருந்தும் வரும், நடுத் தடுப்பிலிருந்தும் வரும். ஒவ்வொன்றுக்கும் பிரேக் போட்டால் பின்னால் வருகிறவர் நம்மேல் ஏறிவிடுவார். அதனால் அதிக வேகத்தில், அசையாமல் நிற்கும் பொருளின் எதிரொலியைப் பல அமைப்புகள் எளிதில் நம்புவதில்லை. கேமரா உறுதி சொல்லக் காத்திருக்கும். கேமராவோ கார், லாரி, பஸ் ஆகியவற்றின் பின்புறத்தைப் பார்த்துப் பழகியது. இருட்டில் நிற்கும் ஒரு கரும்புக் குவியல் அதற்கு வண்டியாகத் தோன்றாமல் போகலாம். பொள்ளாச்சிப் பக்கத்துத் தேங்காய் மட்டை லோடுக்கும் வைக்கோல் லோடுக்கும் இதே கதைதான்.

நடப்பவர்கள் விஷயத்திலும் இருட்டு கெடுக்கிறது. பாதசாரிகளைக் கண்டு பிரேக் போடும் வசதி அவர்கள்மேல் மோதும் விபத்துகளை 27 சதவீதம் குறைத்ததாக ஐஐஹெச்எஸ் 2022-ல் சொன்னது. தெருவிளக்கு இல்லாத இருட்டில் மட்டும் பார்த்தபோது, வசதி உள்ள வண்டிக்கும் இல்லாத வண்டிக்கும் வித்தியாசம் தெரியவில்லை. நம் கிராமத்துச் சாலைகளை நினைத்துக்கொண்டு இந்த வரியைப் படியுங்கள்.

கோடு பார்த்து எச்சரிப்பது கோடு உள்ள சாலையில்தான் வேலை செய்யும். தேய்ந்த டயரை எந்தக் கணினியும் திருத்தாது. பிடி இருந்தால்தான் பிரேக்.

இன்னொரு தடுமாற்றம் நம்மிடம் இருக்கிறது. 1980-களில் ஜெர்மனியின் மியூனிக் நகரில் ஏபிஎஸ் உள்ள டாக்சிகளையும் இல்லாத டாக்சிகளையும் ஒப்பிட்டுப் பார்த்தார்கள். விபத்து குறையவில்லை. ஏபிஎஸ் இருக்கும் தைரியத்தில் டிரைவர்கள் இன்னும் முரட்டுத்தனமாக ஓட்டியிருந்தார்கள்.

சுருக்கமாக: பகலில், நல்ல சாலையில், முன்னால் ஓடும் வண்டியை ஏஇபி நன்றாகப் பிடிக்கும். இருட்டில் நிற்கும் விளக்கில்லாத லோடு வண்டியை உங்கள் கண்ணும் உங்கள் வேகமும்தான் பிடிக்க வேண்டும்.

சந்தையில் ஏன் மெதுவாக வருகிறது

ஒரு வசதி முதலில் விலை உயர்ந்த காரில் வரும், பிறகு நடுத்தரக் காரின் டாப் வேரியன்ட்டில், கடைசியில் அடிப்படை வேரியன்ட்டில். கட்டாயம் வந்தாலும் அது புது வண்டிக்குத்தான். ரோட்டில் ஓடும் பழைய வண்டிகள் மாறப் பத்து, பதினைந்து வருடம் ஆகும்.

இந்தியாவில் 2014-ல் குளோபல் என்கேப் அமைப்பு நம் பிரபலமான சிறிய கார்களை மோதிப் பார்த்துப் பூஜ்ய நட்சத்திரம் கொடுத்தபோது பேச்சு தொடங்கியது. 2018-ல் டாட்டா நெக்ஸான் ஐந்து நட்சத்திரம் வாங்கியதும், பாதுகாப்பும் விற்கும் என்று கம்பெனிகளுக்குத் தெரிந்தது. 2019 ஜூலையில் டிரைவர் ஏர்பேக், 80-ஐத் தாண்டினால் கத்தும் வேக எச்சரிக்கை, ரிவர்ஸ் சென்சார் கட்டாயமாயின. 2023 அக்டோபரில் நம்முடைய பாரத் என்கேப் நடைமுறைக்கு வந்தது. அதில் மூன்று நட்சத்திரமோ அதற்கு மேலோ வேண்டுமென்றால் இஎஸ்சி இருந்தாக வேண்டும். இந்த விதி சத்தமில்லாமல் செய்த நன்மை பெரிது.

அடாஸ் வந்த வேகம் வேறு. 2021-ல் எம்ஜி ஆஸ்டர், மஹிந்திரா எக்ஸ்யூவி700. 2024 டிசம்பரில் ஹோண்டா அமேஸ் போன்ற சிறிய செடானிலேயே வந்துவிட்டது. வெளிநாட்டில் சட்டமே தள்ளுகிறது: ஐரோப்பாவில் 2024 ஜூலை முதல் புது கார்கள் எல்லாவற்றுக்கும் ஏஇபி கட்டாயம், அமெரிக்கா 2024-ல் போட்ட விதியில் 2029 செப்டம்பரைக் கெடுவாக வைத்தது.

லாரி, பஸ்களுக்கு ஐரோப்பா 2015-லேயே பெரும்பாலும் முடித்துவிட்டது. இங்கே கனரக வண்டிகளுக்கு ஏஇபி, கோடு தாண்டும் எச்சரிக்கை, தூக்க எச்சரிக்கை வைக்கும் வரைவு 2025-ல் வந்தது. நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோட்டுக்காரர்களுக்கு இது வீட்டு விஷயம். சேசிஸ் வாங்கி வந்து இங்கே பாடி கட்டும்போது, கேமராவின் கோணமும் ரேடாரின் முன்னுள்ள இடமும் கம்பெனி வைத்தபடி இருக்க வேண்டும். பம்பருக்கு மேல் ஓர் அலங்காரத் தகடு அடித்தாலே அதற்குக் கண் மறைந்துவிடும். பாடி பில்டிங் பட்டறைகள் இதை இப்போதே கேட்டுத் தெரிந்துகொள்வது நல்லது.

ஷோரூமில் கேட்க வேண்டியது

முதல் கேள்வி: நான் வாங்கும் இதே வேரியன்ட்டில் இஎஸ்சி இருக்கிறதா? டாப் மாடலில் இருப்பதைக் காட்டி அடிப்படை மாடலை விற்பது சகஜம். எல்லா இருக்கைக்கும் மூன்று முனை சீட் பெல்ட் இருக்கிறதா என்பது அடுத்தது. இந்த இரண்டும் இருந்து, கையில் இன்னும் காசு இருந்தால் ஏஇபி. சன்ரூஃபுக்கும் ஏஇபிக்கும் நடுவில் தயங்கினால் தயங்கவே வேண்டாம். முன்கண்ணாடி உடைந்து மாற்றினால் கேமராவைத் திரும்பச் சரிபார்க்க எவ்வளவு ஆகும் என்றும் கேளுங்கள், அது சின்னத் தொகையாக இருக்காது.

மாமா நடு வேரியன்ட் எடுத்தார். இஎஸ்சி, ஏஇபி இரண்டும் உண்டு. ஈச்சனாரி பிள்ளையார் கோயிலில் பூஜை போட்டு, சந்தனமும் குங்குமமும் மாலையுமாக வீட்டுக்கு வந்தது வண்டி. டேஷ்போர்டில் ஒரு மஞ்சள் விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. "மாப்ள, புது வண்டி இன்னைக்கே ரிப்பேராகிப் போச்சு பாரு" என்றார் பதறிப்போய். முன்னால் போய்ப் பார்த்தேன். ரேடார் இருக்கும் இடத்தை மாலை முழுதாக மூடியிருந்தது, கேமராவுக்கு நேர் எதிரே கண்ணாடியில் ஒரு பெரிய சந்தனப் பொட்டு. "ஒண்ணுமில்லைங்க மாமா, அதுக்குக் கண்ணு தெரியலைங்க" என்றேன். மாலையை அவரே கழற்றிப் பத்திரமாகத் திண்ணையில் வைத்தார். பொட்டை நான் ஈரத்துணியால் துடைத்தேன். பொட்டை அழித்ததில் அத்தைக்கு மனசில்லை, அதனால் அதைக் கண்ணாடியின் கீழ் ஓரத்தில் சின்னதாகத் திரும்ப வைத்தோம். வண்டியை ஒரு முறை அணைத்து எடுத்தோம், விளக்கு போய்விட்டது.